நடு ஏரித் தண்ணீர்

ஜனவரி 2

ஆரணி இந்த டயரியைத் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். "மனசில இருக்கிறதை எழுதுங்கோ அம்மா, ஆறுதலா இருக்கும்" என்றாள். மனசில் இருப்பதை எழுதி வைக்க எனக்கென்ன விசரா? அன்றன்றைய அலுவல்களை எழுதப்போகிறேன், அவ்வளவுதான்.

இன்றைய அலுவல் ஆஸ்பத்திரி. இவருக்கு இரத்தம் ஏற்றினார்கள். வெள்ளை அணு இன்னும் கீழேதான் நிற்கிறதாம். புது மருந்து தொடங்கியிருக்கிறது. இரத்தப் புற்றுநோய் ஒருமுறை போய்விட்டுத் திரும்பி வந்தால், இன்னொரு முறையும் போகும்தானே. போன வழி அதற்குத் தெரியும்.

திரும்பி வரும்போது காரில் இவர் சொன்னார்: "தவம், மே மாசம் ஐஸ் உருகினவுடன ஏரிக்குப் போவம். இந்தமுறை நீயும் வா."

நான் ஆரணியிடம், "பிள்ளை, ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றேன்.

ஜனவரி 3

முன்பின் எழுதாமல் ஏரி என்று மட்டும் எழுதினால் எனக்கே பிறகு விளங்காது. இவர் கார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே கூட வேலை செய்த டேவோடு ஒவ்வொரு கோடையும் வடக்கே காட்டுக்குள் போவார். கனூ என்று ஒரு ஒடுக்கமான வள்ளம். ஒரு ஏரியை அதில் தாண்டுவார்களாம், பிறகு வள்ளத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முதுகில் மூட்டையோடு அடுத்த ஏரிக்கு நடப்பார்களாம். காசு கொடுத்து அகதி வாழ்க்கை வாழ்வதற்கு இவருக்கு அவ்வளவு புழுகம், அவ்வளவு சந்தோசம். வேலணைத் தீவில் பிறந்த மனிசனுக்கு வள்ளத்தைக் கண்டால் போதும்.

நான் ஒருநாளும் போனதில்லை. சண்டைக்குத் தப்பிக் கிளாலிக் கடலை இருட்டில் வள்ளத்தில் கடந்து வந்த அன்றைக்கே, இனி மிதக்கிற ஒன்றிலும் கால் வைக்கமாட்டேன் என்று முருகனுக்குச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அது இல்லை இப்போதைய பிரச்சினை. இவர் ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்கிற ஆள். நடு ஏரிக்குப் போய்க் கையால் அள்ளிக் குடித்தால் அதற்கு ஒரு மணம் இருக்கிறதாம், உலகத்தில் வேறெந்தத் தண்ணீருக்கும் இல்லையாம். வருசம் வருசமாக இந்தக் கதையைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டொக்டரம்மா என்னவென்றால், இவருக்கு இப்போது எதிர்ப்புச் சக்தி அறவே இல்லை, ஆரோக்கியமான ஆளுக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட இவரை முடித்துவிடும் என்கிறா.

"வடிக்காத தண்ணி ஒரு சொட்டு வாயில படக்கூடாது. அதுக்கு ஏதும் சாமான் கிடைச்சால் போகலாம், இல்லாட்டில் இல்லை" என்றேன்.

"சாமான் கிடைச்சால் நீயும் வருவியோ?"

"வாறன், வாறன். முதல்ல கஞ்சியைக் குடியுங்கோ."

வாய் தவறி வந்தது. இவர் சிரித்துவிட்டுக் கஞ்சி முழுவதையும் குடித்தார்.

ஜனவரி 6

ஆரணியோடு முகாம் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். ஒரு கரண்டி வேண்டுமென்றாலும் அங்கே பத்து விதம். தேத்தண்ணி வடி மாதிரி எதையோ எடுத்துத் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனால், தண்ணீர் வடிகட்டிக்கே ஒரு சுவர் முழுக்க.

டேவ் வைத்திருப்பது பம்ப். குழாயின் ஒரு முனையை ஏரிக்குள் போட்டுவிட்டுக் கையால் அடிக்க வேண்டும். அடித்துப் பார்த்தேன். ஒரு போத்தல் நிறைவதற்குள் தோள் கழன்றுவிடும். இவருக்கு இப்போது ஜாம் போத்தல் மூடி திறக்கவே நான் வேண்டும். மே மாதம் தேறியிருப்பார்தான், என்றாலும் புதிதாகத் தேறிய உடம்பை ஏன் வருத்துவான்? பையில் தண்ணீரை மொண்டு, நெரித்துப் பிழிகிற சாதி ஒன்றும் இருக்கிறது. பாரமில்லை, விலையும் பரவாயில்லை. ஆனால் பிழியவும் கை வேண்டுமே.

பிறகு பேனா மாதிரி ஒரு லைற். தண்ணீருக்குள் விட்டுக் கலக்கினால் கிருமி செத்துவிடுமாம், வைரஸ்கூட. "செத்த கிருமி எங்க போகும்?" என்று ஆரணியைக் கேட்கச் சொன்னேன். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், ஒன்றும் செய்யாது என்றாள் கடைப் பெட்டை. கண்டறியாத லைற்! பிரேதத்தோடு சேர்த்துக் குடிக்கிறதோ? காட்டுக்குள் பற்றரி முடிந்தால் ஆரிடம் போய்க் கேட்கிறது?

கடைசியாகக் குளோரின் குளிசை, தண்ணீருக்குள் போட்டுக் கரைக்கிற மாத்திரை. ஆரணிக்கு அதுதான் பிடித்துக்கொண்டது. "அம்மா, இது பாரமே இல்லை, சட்டைப் பையில போடலாம்."

"வேண்டாம்."

"ஏன் அம்மா, இது வைரசையும்…"

"வேண்டாம் எண்டால் வேண்டாம்!"

கத்திவிட்டேன். கடையில் சனம் திரும்பிப் பார்த்தது. பெட்டியைத் திறக்கவே இல்லை, எனக்கு மணம் வந்துவிட்டது. தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்துபோய் இருந்த பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கு அதைத்தான் கொண்டுவந்து போட்டார்கள், எங்கள் மூத்தவன் வயிற்றோட்டத்தில் போன பிறகு. ஆரணி அப்போது பிறக்கவில்லை. அதைப் பற்றி இதில் எழுத வேண்டியதில்லை.

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டோம்.

ஜனவரி 9

கண் நோகிறது. முழு நாளும் ஆரணியின் லாப்டொப்பில் வடிகட்டி பற்றி வாசித்தேன். பீவர் என்றொரு மிருகம் ஏரிக்குள்ளேயே மலம் கழிக்குமாம், அதில் ஒரு கிருமி. இதைக் கையால் அள்ளிக் குடித்தவர் எனக்குச் சுத்தம் சொல்லித் தந்தவர்! இவரிடம் போய் வாசித்துக் காட்டினேன். "இருபது வருசம் அதுகளோட பந்தியில இருந்தனான், ஒண்டும் செய்யேல்லையே" என்கிறார்.

இன்றைக்கு இவர் சாப்பிட்டது அரைவாசி இடியப்பம்.

ஜனவரி 11

வாங்கியாகிவிட்டது. மேலே ஒரு பை, கீழே ஒரு பை, இடையில் குழாய், குழாயின் நடுவில் கைவிரல் பருமனில் வடிகட்டி. மேல் பையில் ஏரித் தண்ணீரை மொண்டு மரக்கொப்பில் கொழுவிவிட்டால், அது தன்பாட்டில் வடிந்து கீழ்ப் பையை நிரப்பும். அடிக்கவும் வேண்டாம், பிழியவும் வேண்டாம். உள்ளே முடி மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய குழல்கள், அவற்றின் துளைக்குள்ளால் பக்டீரியா நுழைய ஏலாது. வைரஸ் மட்டும் பிடிபடாதாம். அதற்கென்ன, வடித்த பிறகு கொதிக்கவும் வைப்பேன். வடித்துக் கொதிக்க வைத்ததை எந்தக் கிருமி தாண்டி வரும், பார்ப்போம்.

இவர் கட்டிலில் இருந்தபடி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சேலைன் போத்தல் மாதிரி இருக்கு. காட்டுக்குள்ளயும் எனக்கு ட்ரிப் ஏத்தப்போறாய்." பிறகு, "கொதிக்க வைச்சால் மணம் போயிடும், தவம்" என்றார்.

"மணம் போனால் போகட்டும். ஆள் இருந்தால் போதும்."

ஜனவரி 15

தைப்பொங்கல். வெளியே முழங்கால் அளவு பனி. வழக்கம்போலக் கராஜுக்குள்தான் பொங்கல். மீன் பொரிக்கிற அடுப்பு அங்கேதான் இருக்கிறது, கதவைப் பாதி உயர்த்திவிட்டால் புகையும் போகும், சூரியனுக்கும் தெரியும். இவரும் வந்து, சுவரில் தொங்கும் தன் வள்ளத்துக்குக் கீழே கம்பளி போர்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பால் கிழக்குப் பக்கமாகத்தான் வழிந்தது. நானும் கண்டேன், ஆரணியும் கண்டாள்.

புதுச் சாமான் என்று வடிகட்டியையும் படைத்தேன். இரண்டு பையையும் தண்ணீரால் நிரப்பி, குழாய்க்குள்ளாலும் ஓடவிட்டு, சந்தனப் பொட்டு வைத்துப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் கொழுவினேன்.

"தவம், உதுக்கு ஏன் தண்ணி? மே மாசம்தானே."

"புதுப் பாத்திரம் வெறுமையா இருக்கக்கூடாது. படைச்சாலும் சரி, ஆருக்கும் குடுத்தாலும் சரி, ஏதாவது போட்டுத்தான்."

"உது பாத்திரமோ? பிளாஸ்டிக் பை."

"தண்ணி பிடிக்கிறது எல்லாம் பாத்திரம்தான். நீங்கள் கும்பிடுங்கோ."

கும்பிட்டார். பின்னேரம் காய்ச்சல் காய்ந்தது. அம்புலன்ஸ். இதை ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து எழுதுகிறேன், கையில் இன்னும் பொங்கல் மணக்கிறது.

ஜனவரி 18

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். காய்ச்சல் நின்றுவிட்டது. கராஜைத் துப்புரவாக்கப் போனால் எல்லாம் விட்டது விட்டபடி. பொங்கல் பானை கல்லாகக் கிடக்கிறது. வடிகட்டிப் பையும் ஐஸ் கட்டி. குசினிக்குள் கொண்டுவந்து சிங்குக்குள் வைத்தேன், மத்தியானத்துக்குள் உருகிவிட்டது. ஓடவிட்டுப் பார்த்தேன், நன்றாக ஓடியது. ஒரு வெடிப்பு இல்லை, ஒழுக்கு இல்லை. நல்ல சாமான் வாங்கியிருக்கிறேன்.

ஜனவரி 30

புது மருந்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டுமாம். கொடுக்கத்தானே வேண்டும்.

பெப்ரவரி 8

இன்று பரீட்சை. பின்வளவுப் பனியை ஒரு வாளியில் அள்ளி உருக்கினேன், பூச்சாடி மண்ணை அதற்குள் போட்டுக் கலக்கினேன். மேல் பையில் ஊற்றிக் குசினி அலுமாரிக் கைபிடியில் கொழுவினேன். மேலே கோப்பித் தண்ணீர், கீழே பளிங்கு! இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் நான் ஒரு கிளாஸ் குடித்தேன். நான் கொதிக்க வைக்கக் கேத்திலைத் தேடுவதற்குள் இவர் மற்றக் கிளாசை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

"ஐயோ, கொதிக்க வைக்கேல்லை!"

"பில்டர் பண்ணினதுதானே. உன்ர சாமானில உனக்கே நம்பிக்கை இல்லையோ?"

நம்பிக்கை இருக்கிறது. ஏச வாய் வரவில்லை. எவ்வளவு நாளுக்குப் பிறகு இந்த மனிசன் ஒரு கிளாஸ் தண்ணீர் முழுவதாகக் குடித்தார்.

பெப்ரவரி 13

காய்ச்சல். ஆஸ்பத்திரி.

பெப்ரவரி 16

இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டதாம். நெஞ்சில் மருந்து ஏற்றப் பூட்டியிருக்கிற குழாய்க்குள்ளால் வந்திருக்கும் என்கிறார்கள். நான் கெட்டித்தனமாகக் கேட்டேன்: "வடிச்ச தண்ணியால வராதுதானே?" ஆரணி மொழிபெயர்த்தாள். வராது என்று டொக்டரம்மா தலையாட்டினா.

பெப்ரவரி 23

இன்று நல்ல செய்தி. மருந்தை நிற்பாட்டிவிட்டார்கள்.

டொக்டரம்மா கதிரையை இழுத்துப்போட்டு எங்களுக்கு முன்னால் இருந்து, ஆறுதலாகக் கதைத்தா. இனி ஊசி இல்லை, வாந்தி வராது, வீட்டிலேயே இருக்கலாம். விரும்பினதைச் சாப்பிடலாம், விரும்பின இடத்துக்குப் போகலாம். "மே மாதம் ஏரிக்குப் போகலாமோ?" என்று இவர் ஆங்கிலத்தில் கேட்டார். முடிந்தால் அதற்கு முதலே போங்கள் என்றா. ஐஸ் உருக முதல் எப்படிப் போகிறது? அந்த மனுசிக்கு வள்ளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆரணி கார் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தொப்பி போடாமல் திரிந்தால் தடிமன் வராமல் என்ன செய்யும்.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பின் சீற்றில் இருந்தார். "தவம், விளங்கினதுதானே?" என்றார்.

"எல்லாம் விளங்கினது. பேசாமல் வாங்கோ."

மார்ச் 3

டேவ் வந்திருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். இவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார். மூன்று பேரும் வரைபடத்தை மேசையில் விரித்துப்போட்டுப் பயணத்தைக் கதைத்தோம். சுமை தூக்கி நடக்கிற பாதை இல்லாத ஏரியாகப் பார்த்து டேவ் ஒன்றைக் காட்டினார். காரை விட்டு இறங்கினால் கரை. நான் பெருமையாக வடிகட்டியை எடுத்துவந்து காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல சாதி என்றார். குளிர்காலத்தில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

நான் பொங்கலைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னேன், ஐஸ் கட்டியானதையும் சேர்த்து. இவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். டேவ் சிரிக்கவில்லை.

தண்ணீர் படாத புதுசு என்றால் எந்தக் குளிரிலும் கிடக்கலாமாம். ஒருமுறை தண்ணீர் உள்ளே போய்விட்டால், பிறகு உறைய விடக்கூடாதாம். உறைந்தால் உள்ளே இருக்கிற முடிக்குழல்கள் வெடித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீர் முன்னையைப் போலவே பளிங்காக ஓடும். கிருமியும் சேர்ந்து ஓடும். பெட்டிக்குள் இருக்கிற தாளில் எழுதியிருக்கிறது என்றார். தாளை எடுத்துப் பார்த்தோம். எழுதியிருக்கிறது.

வெறுமையாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிராது. நான் நிரப்பினேன். நிரப்பிப் பொட்டும் வைத்தேன்.

மார்ச் 4

அந்தப் பனித் தண்ணீர். எட்டாம் தேதி குடித்தார், பதின்மூன்றாம் தேதி காய்ச்சல். குழாயால் வந்தது என்று டொக்டரம்மா சொன்னது, வடிகட்டி நன்றாக இருந்தது என்று நான் சொன்னதை நம்பி.

"விசர்க் கதை கதையாதை. நீயும்தானே குடிச்சனி?" என்கிறார் இவர்.

எனக்கு என்ன வரும்? நான் கல்லுக்குண்டு. அந்தக் கிணற்றுத் தண்ணீரையும் நான் குடித்தேன்தானே, எனக்கு ஒன்றும் வரவில்லை.

நாசமாய்ப்போன வடிகட்டியைக் குப்பை வாளிக்குள் போட்டேன். பொட்டு இன்னும் அழியவில்லை. ஆரணி எடுத்து வைக்கப் பார்த்தாள், தொட்டால் தெரியும் என்றேன்.

மார்ச் 6

அதே கடை, அதே சாமான், புதுசு. பெட்டியை உடைக்கவில்லை. கராஜில் வைக்கவில்லை. அலுமாரிக்குள் இவருடைய உடுப்புகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 19

இன்று எனக்கு வள்ளம் பழக்கினார்.

வீட்டு ஹோலில் விரிப்பின் மேல் இரண்டு தலையணை. முன்னால் நான், பின்னால் இவர். எனக்குத் துடுப்பு விளக்குமாறு, இவருக்கு ஊன்றுதடி. "கதிரையில இருக்கிற மாதிரி நிமிந்து இராதை, முழங்காலில இரு. பாரம் கீழ நிக்கவேணும். வலப்பக்கம் வலி. நீ முன்னுக்கு வலிச்சால் போதும், திருப்புறது என்ர வேலை." எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. வலித்தேன். இவர் பின்னாலிருந்து "ஒண்டு… ஒண்டு…" என்று தாளம் சொன்னார்.

"தவம், இப்ப நடு ஏரிக்கு வந்திட்டம். குனிஞ்சு அள்ளு."

நான் விளக்குமாற்றைக் கீழே போட்டேன். கிளாலியில் என் மடி வெறுமையாக இருந்தது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வள்ளம் நிறையச் சனம், எல்லார் மடியிலும் பிள்ளை. வள்ளமோட்டி என்னைப் பார்த்து, "கைப்பிள்ளை இல்லாதாக்கள் தண்ணியை இறையுங்கோ" என்றான். கரை வருமட்டும் இறைத்தேன்.

இவர் பின்னாலிருந்து தோளில் கை வைத்தார். நான் அழுதேன் என்று எழுதினால்தான் என்ன, அழுதேன். பிறகு பார்த்தால் இவருக்கு எழும்ப முடியவில்லை. ஆரணி வேலையால் வருமட்டும் இரண்டு பேரும் விரிப்பிலேயே இருந்தோம்.

ஏப்ரல் 3

ஹோலுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வந்திருக்கிறது. மாடிப்படி ஏறும் கரைச்சல் இல்லாமல் தற்காலிகமாக. ஒரு நர்ஸ் நாளாந்தம் வருகிறா. நல்ல பிள்ளை, சப்பாத்தை வாசலில் கழற்றுகிறா.

ஏப்ரல் 14

வருசப் பிறப்பு. கோயிலிலிருந்து மூலிகை போட்ட மருத்துநீர் எடுத்துவந்து இவருக்குத் தலையில் வைத்தேன். மயிர் இல்லாத தலையில் அது நிற்கவில்லை, நெற்றியால் வழிந்து கண்ணுக்குள் போய்விட்டது. "இதை எதால வடிச்சனி?" என்று கேட்டார். பகிடி விட இன்னும் தென்பு இருக்கிறது. தென்பு இருந்தால் எழும்பிவிடுவார்.

ஏப்ரல் 22

சாப்பாடு இறங்கவில்லை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்தும் பார்த்தேன்.

ஏப்ரல் 29

டேவ் ஃபோன் பண்ணினார். ஐஸ் உருகிவிட்டதாம். ஏரி திறந்துவிட்டதாம்.

நான் பயண மூட்டையைக் கட்டத் தொடங்கினேன். இவருடைய தடித்த காலுறை, என்னுடைய தடித்த காலுறை, அரிசி, பருப்பு, கேத்தில், புது வடிகட்டி. ஆரணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டாள். கண் தெரியவில்லையா அவளுக்கு?

"அப்பாவால கட்டிலை விட்டு இறங்க ஏலாது அம்மா."

"இண்டைக்கு ஏலாது. நாளைக்கே போறம் எண்டு ஆர் சொன்னது?"

அவள் வந்து மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். நான் திரும்ப உள்ளே வைத்தேன். கடைசியில் காலுறையை இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். வெட்கக்கேடு.

ஏப்ரல் 30

இவர் இன்று சொன்னது: "நான் வரேல்லை, தவம். டேவுக்குச் சொல்லி அந்தத் தண்ணியில கொஞ்சம் எடுப்பி."

நான் என்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. ஆரணி டேவுக்கு ஃபோன் பண்ணினாள்.

மே 4

டேவ் விடியவே போய், நடு ஏரிக்கு வலித்துப்போய், ஒரு பிளாஸ்டிக் கான் நிறைய அள்ளிக்கொண்டு நேரே இங்கே வந்தார். காலணியில் இன்னும் சேறு. கானைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இவருடைய கண் அதையே பார்த்தது.

நர்ஸ் சொன்னா, இனி கிளாசால் குடிக்க முடியாது, விழுங்கினால் புரையேறும், குச்சியில் கொழுவின பஞ்சால் வாயை நனைக்க மட்டும் செய்யலாம் என்று.

நான் கானையும் வடிகட்டிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போகத் திரும்பினேன். இவர் சைகையால் கூப்பிட்டார். காதை வாய்க்குக் கிட்ட வைத்தேன். "வடிக்காதை" என்றார்.

நான் கேட்பேனா? கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வடித்துக்கொண்டுவந்துதான் கொடுத்தேன். ஒரு சின்னக் கிண்ணத்தில். பஞ்சைத் தோய்த்து உதட்டில் வைத்தேன். உறிஞ்சினார். திரும்ப வைத்தேன். திரும்ப உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டு, "மணக்குது" என்றார்.

டேவ் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

மே 7

விடிய ஆறு மணி போல.

மே 8

பஞ்சுக் குச்சிகளை நர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டா. கட்டிலை நாளைக்கு எடுப்பார்களாம்.

மே 21

ஒன்றும் எழுத இல்லை.

ஜூன் 9

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்துவிட்டது. வந்த சனம் போய்விட்டது. ஐயர் சொன்ன இடத்தில் சாம்பலும் கரைத்தாகிவிட்டது.

இன்று வள்ளத்தைக் கொண்டுபோக டேவ் வந்தார். எனக்கு அது எதற்கு? அவரும் ஆரணியுமாகச் சுவரிலிருந்து இறக்கினார்கள். அடுத்த கிழமை அந்த ஏரிக்குப் போகிறாராம். "நீங்களும் வாருங்கள், முன்னால் சும்மா இருந்தால் போதும், நான் வலிக்கிறேன்" என்றார். ஆரணி என் முகத்தைப் பார்த்தாள். மாட்டேன் என்றேன். நான் வருகிறேன் என்று சொன்னது இவருக்கு.

வள்ளம் தொங்கின இடத்துக்குக் கீழே தட்டில் வடிகட்டிப் பெட்டி இருந்தது. மே 4 அன்று நான் வைத்த இடத்திலேயே. அதையும் டேவிடம் கொடுப்போம் என்று ஆரணி எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, இது உடைக்கவே இல்லை. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு."

நான் அரிசி மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"பழசை மார்ச்சிலயே எறிஞ்சிட்டீங்கள். அப்ப அண்டைக்கு எதால வடிச்சனீங்கள்?"

"ஒண்டாலயும் இல்லை" என்றேன்.



மே 4 அன்று நான் இதில் எழுதியது பொய். கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உடைக்க நகத்தைக்கூட வைத்தேன். நாலு மாதம் கிருமி கிருமி என்று அந்த மனிசனுக்கு ஒரு வாய் தண்ணீரை நிம்மதியாகக் குடிக்க விடவில்லை. இனி எந்தக் கிருமி வந்து எதைச் செய்யப்போகிறது? டொக்டரம்மா கதிரையை இழுத்துப்போட்டு இருந்த அன்றைக்கே எனக்கு எல்லாம் விளங்கியது. கானைச் சரித்து அப்படியே கிண்ணத்தில் ஊற்றினேன். கொதிக்கவும் வைக்கவில்லை. எழுதும்போது மட்டும் கை வரவில்லை. வடிக்காமல் கொடுத்தேன் என்று எழுதினால், அவர் சாகப்போகிறார் என்று நானே எழுதிக் கையெழுத்து வைத்தது மாதிரி.

கிண்ணத்தில் மிஞ்சியதை அன்று நானும் குடித்தேன். மணம் இருந்தது. என்ன மணம் என்று சொல்லத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

டேவ் வள்ளத்தைக் கார் மேல் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஆரணி பெட்டியை உடைத்து, பைகளைப் பிரித்து எடுத்தாள். பிறகு அரிசி மூட்டையின் வாயை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளினாள்.

"என்ன செய்யிறாய்?"

"வெறுமையாக் குடுக்கக் கூடாது எண்டுதானே அம்மா சொல்லுவீங்கள்."

அரிசியைத் திரும்ப மூட்டைக்குள் போடச் சொன்னேன். வெறுமையாகவே கொடுத்தோம்.